ஒரு கண்ணால் பார்த்தவர்

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள், சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்துக்கு ஒரு வெள்ளையர் தனியாகச் சென்றிருந்தார். களத்தில் விளையாடியவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர்கள். கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரரின் கை எவ்வளவு பலமானது என்று பார்த்துவருவதே அவருக்கு இடப்பட்ட பணி. அந்த ஆட்டக்காரரோ சில நாள்களுக்கு முன் தோளில் அடிபட்டு ஓய்விலிருந்தார். அன்று அவர் ஒரு பந்தைக்கூட எறியவில்லை. பார்க்க வந்தவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. எனினும் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு புரூக்ளினுக்கு ரயிலேறினார்.

அடிபட்டிருந்தவர் ஜாக்கி ரொபின்சன். அழைத்துச் சென்றவர் கிளைட் சூக்போர்த். முதலாமவரை உலகம் அறியும். நான் எழுத விரும்புவது இரண்டாமவரைப் பற்றி.

அமெரிக்கர்களின் பேஸ்போல் ஆட்டத்தில் இளம் வீரர்களை ஊரூராகத் தேடிச் சென்று மதிப்பிடுபவர்களை ஸ்கவுட் என்பார்கள். நமக்கு ஸ்கவுட் என்றதும் கழுத்துப்பட்டி கட்டிய சாரணர்தான் நினைவுக்கு வருவார். இவர்கள் வேறு. எமது கிரிக்கெட் தெரிவுக் குழுவினர் ஏற்கெனவே ஓட்டங்களைக் குவித்தவர்களிடையே தெரிவு செய்பவர்கள். அப்படியிருந்தும் அவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதியே எனது பேனாவில் பாதி மை தீர்ந்தது. பேஸ்போல் ஸ்கவுட்டின் பாடு அதைவிடக் கடினமானது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து, இருபத்தைந்து வயதில் இவன் என்னவாக இருப்பான் என்று அவர் சொல்ல வேண்டும்.

சூக்போர்த் 1901இல் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். சின்சினாட்டி அணியில் பந்து பிடிப்பவராக, அதாவது நமது விக்கெட் காப்பாளரை ஒத்த இடத்தில், விளையாடினார். பத்துத் தடவைகளில் மூன்று தடவை சரியாக அடிப்பவரே நல்ல துடுப்பாட்டக்காரர் எனப்படும் அந்த ஆட்டத்தில், 1929இல் அவரது சராசரி .354. ஆனால் 1931இல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கிச் சன்னம் ஒன்று வலது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணின் பார்வை போயிற்று. அதன்பின் ஆட்டக்காரராக அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. மற்றவர்களின் திறமையைப் பார்த்துச் சொல்வதே அவரது தொழிலாயிற்று.

புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிரான்ச் ரிக்கி, கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்த பெரிய லீக்கின் கதவை இரகசியமாகத் திறக்க எண்ணியிருந்தார். அதனால், கறுப்பினத்தவருக்கெனப் புதிதாகத் தொடங்கப்படும் ஒரு லீக்கில் புரூக்ளின் பிரவுண் டொட்ஜர்ஸ் என்ற அணிக்கே ஆள் தேடுவதாகத் தமது ஸ்கவுட்டுகளிடமும் சொல்லிவைத்தார். அந்த லீக் பெரும்பாலும் ஒரு திரைதான். ரொபின்சனால் வரமுடியாவிட்டால் தாமே சிகாகோ செல்வதாக ரிக்கி சொன்னபோது, ஒப்புக்கு நடக்கும் ஓர் அணிக்காக இந்தப் பெரிய மனிதர் இவ்வளவு தூரம் பயணம் செய்வாரா என்று சூக்போர்த் யோசித்தார். விடயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

ரொபின்சனுக்கும் சந்தேகம். ரிக்கி ஏன் தன்னைப் பார்க்க விரும்புகிறார் என்று விடாமல் கேட்டார். சூக்போர்த் மனதில் ஆழப் பதிந்தது அந்த விடாப்பிடிதான். கையின் பலம் பற்றி ரிக்கிக்குச் சொல்ல அவரிடம் எதுவுமில்லை. ஆளைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், பயிலுநர் செய்தியாளர்களுக்கான நேர்முகத் தேர்வு ஒன்றில் நானும் அமர்ந்திருந்தேன். எழுத்துத் தேர்வில் பிழைகள் மலிந்திருந்த ஓர் இளைஞரை வேண்டாம் என்றேன். எங்கள் ஆசிரியர் சிரித்தார். "பிழையைத் திருத்த ஒப்புநோக்குநர் இருக்கிறார். அந்தப் பொடியன் எங்களிட்டை எத்தனை கேள்வி கேட்டவன் எண்டு கவனிச்சீரா?" என்றார். நான் கவனித்திருக்கவில்லை.

1945 ஓகஸ்ட் 28ஆம் திகதி ரிக்கியும் ரொபின்சனும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசிய அறையில் மூன்றாவது ஆளாக இருந்தவர் சூக்போர்த் மட்டுமே. 1947 ஏப்ரல் 15இல் ரொபின்சன் பெரிய லீக்கில் காலடி வைத்தபோது, முகாமையாளர் லியோ டுரோச்சர் இடைநிறுத்தப்பட்டிருந்தமையால், அணியை அன்று நடத்தியவரும் அவரே. இரண்டு ஆட்டங்களை நடத்தி இரண்டிலும் வென்றார். அந்தப் பதவியில் நீடிக்க அவர் விரும்பவில்லை. கையின் பலத்தைப் பெரிதும் கோராத முதல் தளத்தில் ரொபின்சனை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் அவர் இரண்டாம் தளத்துக்கு மாறினார். சிகாகோவில் விடை கிடைக்காத அந்தக் கேள்வி, கடைசிவரை பெரிய கேள்வியாகவே இருக்கவில்லை.

எல்லாத் தீர்ப்பும் பலித்துவிடவில்லை. 1951 ஒக்டோபர் 3இல் நியூயோர்க் ஜயன்ட்ஸுடன் இறுதித் தீர்மான ஆட்டம். டொட்ஜர்ஸ் முன்னிலையில் இருந்தது. அடுத்து யாரை அனுப்பலாம் என்று முகாமையாளர் தொலைபேசியில் கேட்டார். பந்துவீச்சாளர்கள் தயாராகும் இடத்திலிருந்த சூக்போர்த், எர்ஸ்கினின் வளைபந்து தரையில் குத்துகிறது என்றார். பிராங்கா அனுப்பப்பட்டார். அவருடைய இரண்டாவது பந்தை பொபி தொம்சன் எல்லைக்கு வெளியே அடித்தார். ஆட்டம் போயிற்று, பருவமும் போயிற்று. சில மாதங்களில் சூக்போர்த் புரூக்ளினை விட்டு விலகி, ரிக்கி அப்போது பொறுப்பேற்றிருந்த பிட்ஸ்பேர்க்குக்குச் சென்றார்.

1954இல் பிட்ஸ்பேர்க் அவரை றிச்மண்ட் நகருக்கு அனுப்பியது. டொட்ஜர்ஸின் துணை அணியான மொன்றியலில் பந்துவீசிக்கொண்டிருந்த ஜோ பிளக்கைப் பார்த்துவர வேண்டும். ஆட்டத்துக்கு முன்னான பயிற்சியில், புறக்களத்திலிருந்து பந்தெறிந்த ஒரு பையன் அவர் கண்ணில் பட்டான். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரொபேர்ட்டோ கிளெமென்டே. இருபதை எட்டாத வயது. அதன்பின் பிளக்கை யார் பார்த்தார்கள்! 4,000 டொலருக்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்த ஆட்டக்காரரைப் பெரிய அணியில் வைத்திருக்காவிட்டால், பருவ முடிவில் வேறோர் அணி அவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அக்கால விதி. கிளெமென்டேக்கு 10,000 டொலர் கொடுத்த டொட்ஜர்ஸ், அவரை மொன்றியலில் விட்டிருந்தது. பிறர் கண்ணில் படாமலிருக்கவே அவரை ஆடவிடாமல் ஒளித்து வைத்தார்கள் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அதை மறுக்கிறார்கள்; அணியில் போட்டி மிகுதி, பையனோ புதியவன் என்பதே காரணம் என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அந்தப் பருவம் முழுவதிலும் அவரது சராசரி .257 மட்டுமே. எண்களை மட்டும் பார்த்தவர் எவரும் கடந்து போயிருப்பார்.

கடைசி இடத்தில் முடித்த பிட்ஸ்பேர்க்குக்கு முதல் தெரிவு உரிமை கிடைத்தது. 1954 நவம்பரில் 4,000 டொலருக்குக் கிளெமென்டே அவர்களுடையவரானார். பதினெட்டுப் பருவங்களில் சரியாக 3,000 அடிகள் அடித்தார். 1972 டிசம்பர் 31இல், நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் வீழ்ந்து மாண்டார். ரொபின்சன் அதே ஆண்டு ஒக்டோபரில் காலமாகியிருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், உமது பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்ற கருத்தில் அவர் சூக்போர்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார்.

தாம் கண்டெடுத்த இருவரையும் விடச் சூக்போர்த் நெடுநாள் வாழ்ந்தார். 2000 செப்டெம்பரில் மேய்ன் மாநிலத்திலேயே 98 வயதில் மறைந்தார். 1951இன் அந்த ஒரு தொலைபேசிப் பதிலைப் பற்றி அவரிடம் கேட்காத பத்திரிகையாளர் இல்லை. பிராங்காவின் பந்து அன்று நன்றாகவே இருந்தது என்றே அவர் சொல்லிவந்தார். அவர் மறைந்து ஐந்து மாதங்களில், 2001 ஜனவரி இறுதியில், அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அந்தப் பருவத்தின் பிற்பாதி குறித்த செய்தியொன்றை வெளியிட்டது. ஜயன்ட்ஸ் தமது மைதானத்தின் உடைமாற்றும் அறையில் ஒரு தொலைநோக்கியை வைத்து, எதிரணியின் சைகைகளைப் பார்த்துவந்தார்களாம்.