இறந்தோரின் மரப்பேழை: சில வரலாற்றுக் குறிப்புகள்

யூபிலி மலரில் ஆலயம் எழுப்பியோரும், பீடம் அமைத்தோரும், மணி வாங்கித் தந்தோரும் இடம்பெறுவது வழக்கம். நம் முன்னோரைக் கல்லறை வரை தாங்கிய மரப்பேழையையும், அதைச் செய்த தச்சரையும் எவரும் எழுதி வைப்பதில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்கவே இவ்வரிகளை எழுதுகின்றோம்.

இறந்தோரைப் பேழையில் இடும் வழக்கம் மேனாட்டார் கொணர்ந்ததன்று. ஆதிச்சநல்லூரில் 1876 முதல் நடந்த அகழாய்வுகளில் எலும்புகளோடு முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. நம் புதுவைக்கு அருகே சுத்துக்கேணியில் பழங்கால ஈமக்குழிகளைப் பிரெஞ்சு அறிஞர் கசால் ஆராய்ந்து, 1956-இல் நூலாக வெளியிட்டார். மறைநூலிலோ, எகிப்தில் இறந்த யாக்கோபின் மகன் யோசேப்பு பேழையில் வைக்கப்பட்டதாகக் காண்கின்றோம். ஆனால் நம் ஆண்டவர் பேழையின்றி, துணியில் சுற்றப்பெற்று, பிறர் தந்த கல்லறையில் வைக்கப்பட்டார். ஆகவே பேழை விசுவாசச் சட்டமன்று, அன்பின் பணிவிடை.

நம் கடற்கரைக் கத்தோலிக்கர் சவப்பெட்டியைத் 'தூம்பா' என்பர். போர்த்துக்கேயரின் 'தும்பா' என்ற சொல்லே இது. முற்கால ஐரோப்பியப் பங்குகள் பலவற்றில் பொதுப்பெட்டி ஒன்று இருந்தது. ஏழையின் உடலை அதில் சுமந்து சென்று, துணியோடு குழியில் இறக்கிவிட்டு, பெட்டியை ஆலயத்திற்கே திருப்பிக் கொணர்வர். தனிப்பெட்டி வசதியுள்ளோர்க்கே கிட்டியது.

முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக்கரையோரச் சான்சியான் தீவில் உயிர் நீத்தார். உடனிருந்தோர் அவரை மரப்பெட்டியில் வைத்துச் சுண்ணாம்பை நிரப்பிப் புதைத்தனர். தசை விரைவில் கரைந்தால் எலும்புகளையாவது எடுத்துச் செல்லலாம் என்பது அவர்கள் எண்ணம். 1553 பிப்ரவரியில் திறந்தபோது உடல் அழியாதிருந்தது. அவ்வுடல் மலாக்கா சென்று, 1554-இல் கோவா வந்தடைந்தது. இன்று வெள்ளிப் பேழையில் இருக்கும் புனிதருக்கு முதலில் கிடைத்தது எளிய மரப்பெட்டியே.

தச்சரின் வேலைக்கு வருவோம். நூலாலோ கோலாலோ நீளம் அளந்து, தோளருகே அகலமும் காலருகே ஒடுக்கமுமாகப் பலகை அறுப்பர். மூட்டுகளை அடைத்து, உள்ளே வெள்ளைத் துணி தைப்பர். ஐஸ் பெட்டி இல்லாத நாளில் இறந்தவரை வைத்திருக்க இயலாது. ஓர் இரவுக்குள் பெட்டி முடிய வேண்டும். சுத்தியல் ஓசை கேட்டே துக்கம் அறிந்த தெருக்கள் உண்டு. விலை குறைந்த பலகையே போதும் என்பதற்குக் காரணமும் உண்டு. இடம் குறைந்த கல்லறைத் தோட்டத்தில் குழியை மீண்டும் திறக்க நேரும். மெல்லிய பலகை விரைவில் மக்கும், தேக்கு எளிதில் மக்காது.

இன்று பெட்டியிலும் போட்டி புகுந்துவிட்டது. கடன் வாங்கிப் பளபளக்கும் பெட்டி வாங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1978-இல் அலங்காரமற்ற மரப்பெட்டியில் அடக்கம் பெற்றார். திருத்தந்தை பிரான்சிஸ், மூன்று பெட்டிகள் என்ற பழைய மரபை நீக்கி, 2025-இல் துத்தநாகம் வேய்ந்த ஒரே மரப்பெட்டியில் துயில் கொண்டார்.

இதனினும் வேதனை ஒன்று உண்டு. சம்பா கோவிலுக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவரையும், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் 1745-இல் முறையிட்டு அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். ஆலயச் சுவர் இடிந்தது. ஆயினும் தமிழகத்தில் சில இடங்களில் சாதிக்கொரு கல்லறை, சாதிக்கொரு சவவண்டி என்ற நிலை மறைய மறுக்கின்றது. ஒரே தண்ணீரால் திருமுழுக்குப் பெற்றோர்க்கு இரண்டு மண் எதற்கு?

தகனத்திற்குத் திருச்சபை 1886-இல் விதித்த தடை 1963-இல் தளர்ந்தது. எனினும் சாம்பலைத் தூவலாகாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் அறிவுரை கூறுகின்றது. பிரான்சிலிருந்து உறவினரின் சாம்பலைக் கொணர்வோர் இதை மனத்தில் கொள்க. அதற்கும் ஒரு சிறு மரப்பேழை போதும்.

எனவே யூபிலி நினைவாக ஒன்று செய்வோம். நம் பங்குத் தச்சர்கள் ஒரே அளவு, ஒரே பலகை, மேலே ஒரு சிலுவை என எளிய பெட்டிகளைச் செய்து ஆலயத்தில் வைக்கட்டும். செல்வருக்கும் ஏழைக்கும், எந்தத் தெருவினருக்கும் அதுவே ஆகட்டும். இயலாதோர்க்குப் பங்கே செலவை ஏற்கட்டும். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றன்றோ! தச்சருக்கும் நல்மரணத்திற்கும் பாதுகாவலராகிய புனித சூசையப்பர் நமக்குத் துணை நிற்பாராக.