அழுகைக் கோச்சியும் முதியோர் மனமும்



நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது 1874ஆம் ஆண்டில். அங்கிருந்து மேலும் மலையேறிய இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. கோப்பியும், பின்னர் தேயிலையும் துறைமுகத்திற்கு இறங்குவதற்கென அமைந்த பாதை அது. ஆயினும், சுற்றுவட்டத் தோட்டங்களில் இன்று எண்பத்தைந்து வயதைக் கடந்து வாழும் முதியோருக்குப் புகையிரதம் என்றதும் நினைவில் எழுவது தேயிலைப் பெட்டியன்று. ‘அழுகைக் கோச்சி’ என்னும் பெயரே.

அப்பெயர் வந்த வரலாறு இதுதான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் மற்றோர் உடன்பாடு எழுந்தது. எண்கள் சமன்பட்டன, குடும்பங்கள் பிளவுபட்டன. ஒரே லயத்து அறையில் வாழ்ந்தோருள் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டியில் ஏறினவரும் அழுதனர். மேடையில் நின்றவரும் அழுதனர். தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரம் சென்றது. 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றுபோயிற்று.

அன்று மேடையில் நின்ற இளைஞரே இன்றைய மூத்தோர். அவர்கள் மனத்தைப் பற்றி விஞ்ஞானம் கூறுவது யாது?

முதுமை என்றாலே மூளையின் தேய்வு என்று நெடுங்காலம் எண்ணினர். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர், மறதி நோயுற்ற ஒரு பெண்மணியின் மூளையில் கண்ட மாறுதல்களை எடுத்துரைத்தார். நோய் வேறு, மூப்பு வேறு என்னும் தெளிவு அதன்பின் மெல்ல மெல்லவே பிறந்தது. 1995இல் பாரத் பிஸ்வாலும் அவருடைய துணைவரும், நாம் ஒன்றும் செய்யாது ஓய்ந்திருக்கும் வேளையிலும் மூளையின் தொலைவான பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவதைக் காட்டினர். வயது ஏற ஏற இவ்விணைப்புகளுட் பல தளர்கின்றன என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு.

ஆனால், வியப்பு இதுதான்: இணைப்புத் தளர்வதற்கு ஒப்ப மனமகிழ்ச்சி தளர்வதில்லை. எஞ்சிய காலம் சிறிது என உணர்ந்த முதியோர், அற்பமானவற்றை ஒதுக்கி, அன்புக்குரிய சிலரையே நாடுகின்றனர் என்று அமெரிக்க உளவியலறிஞர் லாரா கார்ஸ்டன்சன் விளக்கினார். அச்சத்தையும் துயரையும் எழுப்பும் மூளையின் ஆழ்பகுதிக்கும், அவற்றை அடக்கியாளும் நெற்றிப்புறப் பகுதிக்கும் உள்ள தொடர்பு இதில் பெரும்பங்கு பெறும் என்பது அறிஞர் கருத்து.

இங்கேதான் நம் முதியோரின் துயரம் தனித்தன்மை பெறுகிறது. நாட வேண்டிய அந்த அன்புக்குரியவர் கடலுக்கு அப்பால் அல்லவா போய்விட்டார்? மேலும், முதுமையில் மிகத் தெளிவாக எழுவன பத்து வயது முதல் முப்பது வயது வரையுள்ள நினைவுகளே என்பர். உடன்படிக்கை எழுதப்பட்ட நாளில் இவர்களுட் பலர் இருபதுகளில் இருந்தவர்கள்! மறக்க இயலாத வயதிலேயே பிரிவு வந்து சேர்ந்தது.

1963இல் ராபர்ட் பட்லர் என்னும் மருத்துவர் ஓர் அரிய உண்மையை எடுத்துரைத்தார். முதியோர் பழையதை மீண்டும் மீண்டும் பேசுவது புத்தித் தடுமாற்றமன்று. வாழ்ந்த வாழ்வை ஒழுங்குபடுத்திப் பொருள் காண மனம் செய்யும் வேலை அது என்றார். அவ்வேலைக்குக் கேட்பவர் ஒருவர் இருத்தல் பெருந்துணை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. போனவரை மீட்டுத் தர எந்தச் சட்டத்தாலும் இயலாது. நம்மால் இயல்வது ஒன்றுண்டு. அப்பாயி அழுகைக் கோச்சியின் கதையை நூறாவது முறையாகத் தொடங்கும்போது, எழுந்து போகாமல் அருகில் அமர்ந்து கேட்போமாக. அறுந்துபோன உறவுகளுக்கு ஈடாக நாம் தரக்கூடிய இணைப்பு அதுவே.