ஒரே ஏரி, இரண்டு ஓய்வூதியம்

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் நம்முடையது. நடுவில் ஓடும் மாநில எல்லை இறாலுக்குத் தெரியாது. ஆனால் ஒரு காலை இழந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். 2024 ஜூலையில் ஆந்திர அரசு மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய் ஆக்கியது. அப்போது இந்தக் கரையில் வருவாய்த் துறை கொடுத்துக்கொண்டிருந்தது 1,500 ரூபாய். அதுவும் 2023 ஜனவரி வரை 1,000தான்.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 1962க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 1974இல் உடல் ஊனமுற்றோருக்கும் ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் 'ஆதரவற்ற உடல் ஊனமுற்றோர் ஓய்வூதியம்'. முதல் சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. ஊனம் இருந்தால் போதாது, நாதியற்றவர் என்றும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்று வரம்பு கட்டுகிறது. நீதிமன்றத்தில் நேரடியாக நிலைநாட்ட முடியாத வழிகாட்டு நெறிகளின் வரிசையில்தான் அது நிற்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை உட்கார்ந்திருக்கிறது.

ஆதரவற்றவர் யார் என்பதை ஊர் சொல்லும், அலுவலர் எழுதுவார். பழவேற்காட்டில் 'ஊர்' என்றால் என்ன? இங்கே ஏரியில் பாடு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் பட்டினவர் குப்பங்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த உரிமை பிறப்பால் வருவது. ஆய்வாளர்கள் பலர் இதை ஏரியின் வளத்தைக் காக்கும் அழகான மரபு என்று எழுதியிருக்கிறார்கள். வரிசையில் பெயர் இருப்பவருக்கு அழகுதான். தலித்துகளும் இருளர்களும் அந்த வரிசைக்கு வெளியே நின்றார்கள். ஆழமில்லாத சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பது இருளர்களின் தொழிலாக இருக்கிறது. கையே வலை என்றால், கை போனபிறகு வலையும் போயிற்று. பிறருக்குக் குத்தகை விடவோ பங்கு கேட்கவோ அவர்களிடம் பாடு கிடையாது.

இருளர்களுக்கு இன்னொரு சான்றிதழும் வேண்டும். பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் தாசில்தாருக்கு இல்லை, கோட்டாட்சியருக்குத்தான். தன் சாதியை நிரூபிக்க ஒரு வரிசை, தன் உடலை நிரூபிக்க இன்னொரு வரிசை. ஏரிக்கரைப் பிள்ளைகள் இரண்டு வரிசைகளையும் பார்த்தே வளர்கிறார்கள்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் உடலைச் சதவீதமாக்கியது. ஏழு வகை ஊனங்கள், 40 சதவீதம் என்ற வாசல். அப்போது திருவள்ளூர் மாவட்டமே பிறக்கவில்லை. 1997 வரை பொன்னேரி வட்டத்துக்காரருக்கு மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரம். 2009இல் ஒன்றிய அரசு தன் பங்குக்கு இந்திரா காந்தி பெயரில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கொண்டுவந்தது. அதற்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீதமும் வேண்டும். 60 சதவீதம் உள்ளவர் ஒரு சட்டப்படி ஊனமுற்றவர், ஒன்றிய ஓய்வூதியத்துக்கு மட்டும் அவர் ஊனம் போதவில்லை. 2012 முதல் ஒன்றியம் கொடுப்பது மாதம் 300 ரூபாய்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகையை 21 ஆக்கியது. 2021 ஜூன் முதல் சான்றிதழ்கள் இணையத்தில்தான், தனித்துவ அடையாள அட்டையுடன். இங்குதான் புதிய காத்திருப்பு தொடங்கியது. கையில் பழைய சான்றிதழ் வைத்திருப்பவரிடம், "இது செல்லாது, புதுசு வாங்கி வா" என்று சொல்லும் அலுவலகங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2017 விதிகள் அப்படிச் சொல்லவில்லை. பழைய சட்டத்தின் கீழ் தந்த சான்றிதழ், அதில் எழுதியுள்ள காலம் வரை செல்லும் என்றே அவை சொல்கின்றன. அட்டை வாங்குவது வேறு, சான்றிதழ் செத்துப்போவது வேறு.

தற்காலிகச் சான்றிதழ் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். ஊனத்தின் அளவு மாற வாய்ப்பிருந்தால் மட்டுமே காலவரம்பு போடலாம், மாறாது என்றால் நிரந்தரமாகத் தர வேண்டும். வெட்டிய கால் மூன்று ஆண்டில் முளைக்காது. தகுதியில்லை என்று முடிவு செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் இடமுண்டு. வாய்மொழியாக "இல்லை போ" என்பதற்கு மேல்முறையீடு செய்ய வழி கிடையாது. அதனால்தான் வாய்மொழி மறுப்பு இவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. விண்ணப்பம் பெற்று ஒரு மாதத்தில் சான்றிதழ் தர வேண்டும் என்று 2017இல் இருந்ததை, 2024 திருத்தம் மூன்று மாதமாக நீட்டியது. காலக்கெடுவை அலுவலகங்கள் மதிக்காதபோது காலக்கெடுவையே மாற்றிவிட்டார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பிரிட்டனில் மாரடைப்பு வந்த ஒரு தச்சர் உதவித்தொகைக்காக அலைவதை 'ஐ, டேனியல் பிளேக்' என்ற படமாகக் கென் லோச் எடுத்தார். மேல்முறையீட்டு விசாரணை தொடங்கும் முன்பே அவர் இறந்துபோகிறார்.

எதிர்க்கரையின் 6,000 ரூபாயும் நிம்மதியானது அல்ல. 2025இல் ஆந்திர அரசு ஓய்வூதியம் பெறும் மாற்றுத்திறனாளிகளை மீண்டும் மருத்துவ ஆய்வுக்கு அழைத்தது. சதவீதம் குறைந்ததாகச் சொல்லிப் பலருக்கு ஆகஸ்டில் நோட்டீஸ் போனது. எதிர்ப்பு கிளம்பியது. மேல்முறையீடு செய்தவர்களுக்குப் பணம் தொடரும் என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. போலிகளைப் பிடிக்கத்தான் ஆய்வு என்பது அரசின் வாதம். போலிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் மருத்துவராகத்தான் இருக்க முடியும். வரிசையில் மறுபடி நின்றது நோயாளி.

இந்தக் கரையில் 6,000 கேட்டு மாற்றுத்திறனாளிகள் சங்கம் பலமுறை மறியலுக்குப் போயிருக்கிறது. அடுத்த மறியலுக்குப் பொன்னேரியிலிருந்து போகும் தோழர்கள் ஆந்திராவின் தொகையை மட்டுமல்ல, அந்த ஆகஸ்டு நோட்டீஸையும் கையில் எடுத்துப் போகட்டும். தொகையை உயர்த்து என்ற கோரிக்கையோடு, நிரந்தர ஊனத்துக்கு மறு ஆய்வு கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.