தபாலில் வந்த பேச்சு

சிட்னியில் தமிழர் பலர் குடியிருக்கும் ஹோம்புஷுக்கு அருகிலுள்ள ஊர் லிட்கம். பேச்சுப் பயிற்சியாளராக நான் நாளும் கையாளும் சிகிச்சைக்கு அந்த ஊரின் பெயர்தான். ஆறு வயதுக்குட்பட்ட திக்கும் பிள்ளைகளுக்காக மார்க் ஆன்ஸ்லோவும் சகாக்களும் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முறை அது.

அதற்கு முன்பு பெற்றோர்தான் குற்றவாளிகள். பிள்ளையின் சாதாரணத் தடுமாற்றத்தை அவர்கள் பெரிதுபடுத்துவதால்தான் திக்கல் வேர்பிடிக்கிறது என்றார் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வெண்டல் ஜான்சன். ‘கண்டுகொள்ளாதீர்கள்’ என்பதே பல ஆண்டுகளுக்கு அறிவுரையாக இருந்தது. தன் வாயால்தான் பிள்ளை கெட்டது என்று நம்பி மனம் புழுங்கிய தாய்மாரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை.

1972இல் மினசோட்டா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்த அச்சத்தை அசைத்தது. இரண்டு சிறுவர்கள் ஒரு பொம்மையோடு பேசினார்கள். திக்கும்போதெல்லாம் பொம்மையின் மேடை பத்து விநாடி இருண்டது, பொம்மையும் மௌனமானது. திக்கல் குறைந்தது; பிள்ளைகளுக்குக் கேடு எதுவும் வரவில்லை.

லிட்கம் முறை அப்படி எதிர்வினை காட்டும் வேலையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது. தினமும் சிறிது நேரம் பிள்ளையோடு விளையாடிப் பேசுவது, தடங்கலின்றி வந்த வாக்கியத்தை அந்த நொடியே மெச்சுவது, எப்போதாவது திக்கலை மென்மையாகச் சுட்டுவது. அன்றைய பேச்சுக்கு ஒரு மதிப்பெண் போடுவதும் உண்டு; தொடக்க காலத்தில் அது 1 முதல் 10 வரை இருந்தது. அப்போது 1 என்றால் திக்கலே இல்லை. பயிற்சியாளரின் வேலை பெற்றோரைப் பழக்குவது. ஆகவே பயிற்சியாளர் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆஸ்திரேலிய உள்நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்! 1951இலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆசிரியர்கள் வானொலி வழியே பாடம் நடத்திய நிலம் அது. ஆட்டுப் பண்ணைக்கும் அடுத்த ஊருக்கும் இடையே அரைநாள் பயணம். வாரந்தோறும் சிகிச்சைக்கு வா என்று யாரிடம் சொல்வது? எலிசபெத் ஹாரிசன், லிண்டா வில்சன், ஆன்ஸ்லோ மூவரும் தொலைபேசியையும் ஒலிப்பதிவையும் நம்பினார்கள். 1999இல் அதை எழுதி வெளியிட்டார்கள். வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்த கேசட் தபாலில் வரும். பயிற்சியாளர் கேட்டுத் தானும் ஒரு மதிப்பெண் போடுவார். தாய் 3 போட்ட இடத்தில் அவர் 6 போட்டிருந்தால், எந்த இடத்தில் எதைக் கேட்கத் தவறினோம் என்று இருவரும் தொலைபேசியில் பேசித் தீர்க்க வேண்டும். முகம் தெரியாததால் காதைத் தீட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இந்தத் தொழிலின் நல்ல பழக்கங்களில் ஒன்று அங்கேதான் உறுதிப்பட்டது என்பேன்.

2008இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை பெறாத பிள்ளைகளைவிட இப்படித் தொலைவிலிருந்து சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் திக்கல் 73 சதவீதம் குறைவு. பயிற்சியாளரின் நேரமோ வழக்கத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிடித்தது. அதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அப்போது வேறு கதவே இல்லை. பிறகு வெப்கேம் வந்தது. 2016இல் வெளியான ஒப்பீட்டில், திரை வழியே சிகிச்சை பெற்ற பிள்ளைகள் நேரில் வந்த பிள்ளைகளுக்குக் குறைந்தவர்களாக இல்லை.