நாடு கடந்து சென்ற குருமாணவர்கள்: ஆசியாவின் பொதுக் குருமடம்



மறைபரப்புப் பணி என்றதும் நம் மனக்கண் முன் வருபவர் யார்? ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த, தாடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார்தான். நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களில் அத்தகைய பலர் துயில்கொள்கின்றனர். அவர்களுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் அதே காலத்தில், அதே கடலில், இன்னொரு கூட்டமும் பயணம் செய்தது. வியட்நாம், சீனா, சயாம், பர்மா, கொரியா ஆகிய நாடுகளின் இளைஞர்கள் குருத்துவப் பயிற்சிக்காகத் தம் வீட்டையும் நாட்டையும் விட்டு வெளியேறினார்கள். பயிற்சி முடிந்ததும் அதே நாட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே பலருக்குக் காத்திருந்தது வேதகலாபனை. சிலருக்கு, கொலைக்களம்.

அவர்களை உருவாக்கிய பள்ளிக்குப் 'பொதுக் குருமடம்' என்று பெயர். 'காலேஜ் ஜெனரல்' என்று மலேசியக் கத்தோலிக்கர் அழைக்கின்றனர். 1665-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தக் குருமடம் இன்றும் பினாங்குத் தீவில் இயங்குகிறது. இடையே சில ஆண்டுகள் நமது புதுச்சேரிக்கு அருகிலும் இயங்கியது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இதன் வரலாற்றை அறிவது, இறையழைத்தலைப் பற்றியும் அயல்நாட்டுப் பயிற்சியைப் பற்றியும் நாம் கொண்டிருக்கும் எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்க உதவும்.

ஏன் தொடங்கப்பட்டது?

திருத்தந்தை 15-ஆம் கிரகோரி 1622-ல் விசுவாசப் பரப்புதல் பேராயத்தை ஏற்படுத்தினார். அதுவரை மறைபரப்புப் பணி பெரும்பாலும் போர்த்துக்கீசிய, ஸ்பானிய அரசர்களின் ஆதரவை நம்பியிருந்தது. அரசனின் கப்பல் வந்தால்தான் குரு வருவார். அரசியல் மாறினால் திருச்சபை அனாதையாகும். வியட்நாமில் உழைத்த இயேசு சபைக் குரு அலெக்சாண்டர் தெ ரோட்ஸ் இந்த ஆபத்தை நன்கு உணர்ந்தார். அம்மண்ணின் மைந்தர்களே குருக்களாக வேண்டும், அதற்கு ஆயர்களை அனுப்புங்கள் என்று உரோமையில் மன்றாடினார்.

இதன் பயனாக 1658-ல் பிரான்சுவா பல்லு, பியேர் லம்பேர் தெ லா மோத் ஆகிய இருவரும் அப்போஸ்தலிக்க விகார்களாக, அதாவது திருத்தந்தையின் நேரடிப் பதிலாளர்களாகிய ஆயர்களாக, ஆசியாவுக்கு நியமிக்கப்பட்டனர். இவர்களது முயற்சியிலிருந்தே பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபை (எம்.இ.பி.) பிறந்தது. 1659-ல் உரோமை இவர்களுக்கு அளித்த அறிவுரை இன்றும் வாசித்து வியக்கத்தக்கது. விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக எதிரானவை தவிர, மக்களின் பழக்கவழக்கங்களை மாற்ற முயல வேண்டாம் என்று அது கூறியது. ஐரோப்பிய நாடுகளின் வாழ்க்கைமுறையை ஆசியாவில் இறக்குமதி செய்வது மடமை என்றது. உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை முதன்மைக் கடமையாக வைத்தது.

அயுத்தயாவில் முதல் விதை

ஆயர் லம்பேர் 1662-ல் சயாமின் (இன்றைய தாய்லாந்து) தலைநகரான அயுத்தயாவை அடைந்தார். ஆயர் பல்லு 1664-ல் வந்து சேர்ந்தார். அண்டை நாடுகளில் வேதகலாபனை நடந்துகொண்டிருந்தபோது, மன்னர் நராயின் ஆட்சியில் சயாம் அந்நியருக்கு இடம் கொடுத்தது. எனவே பல நாட்டு இளைஞர்களையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பயிற்றுவிக்க அந்த நகரமே தகுந்தது என்று 1664-ல் அங்கு கூடிய ஆயர்மன்றம் தீர்மானித்தது. அடுத்த ஆண்டே குருமடம் தொடங்கியது. பல நாடுகளுக்கும் பொதுவானது என்பதால்தான் அது 'பொதுக் குருமடம்' ஆயிற்று.

விரைவில் பலன் கிடைத்தது. வியட்நாம் மண்ணின் முதல் குருக்கள் 1668-ல் அயுத்தயாவில் திருநிலைப்படுத்தப்பட்டனர். தாயகத்தில் ஆயர் நுழையவே முடியாதபோது, அயல்நாட்டில் பயின்ற அவர்கள் தம் மக்களிடையே நுழைந்து அருளடையாளங்களை வழங்கினர். பிறர் அந்நியராக நிற்குமிடத்தில், அவர்கள் அண்ணனாக, தம்பியாக உள்ளே சென்றனர்.

ஓடி ஓடி உயிர்பிழைத்த குருமடம்

1688-ல் சயாமில் ஆட்சி மாறியது. பிரெஞ்சுக்காரர்மீது எழுந்த வெறுப்பு குருமடத்தையும் தாக்கியது. ஆயர் லூயி லனோவும் குருமாணவர்களும் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆயினும் குருமடம் அழியவில்லை. 1760-களில் பர்மியப் படைகள் சயாமின்மீது படையெடுத்தன. 1767-ல் அயுத்தயா நகரமே எரிந்து சாம்பலானது. அதற்கு முன்பே மாணவர்கள் கடலோரமாகத் தப்பி, இன்றைய தெற்கு வியட்நாமின் ஹா தியென் பகுதியிலுள்ள ஹோன் தாட் என்னுமிடத்தை அடைந்திருந்தனர்.

அங்கே பொறுப்பேற்றவர் பியேர் பிஞ்ஞோ தெ பெகேன் என்னும் இளம் குரு. 1768-ல், அரசியல் அகதி ஒருவருக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் அவர் சிறையிடப்பட்டார். கழுத்தில் கனத்த மரச்சட்டம் மாட்டப்பட்டது. மறு ஆண்டு கடற்கொள்ளையர் தாக்கிக் குருமடத்தைத் தீயிட்டனர். மாணவர்கள் சிலர் உயிரிழந்தனர். எஞ்சியவர்களுடன் பிஞ்ஞோ மலாக்கா வழியாகப் புறப்பட்டு, 1770-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

வீராம்பட்டினத்தில் வியட்நாமியக் குரல்கள்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலோர மீனவர் கிராமமான வீராம்பட்டினத்தில் குருமடம் மீண்டும் எழுந்தது. அருகிலுள்ள அரிக்கமேட்டை உரோமானியர் காலத்து வணிகத் துறைமுகமாக அனைவரும் அறிவர். அங்கே 18-ஆம் நூற்றாண்டு மறைப்பணி இல்லம் ஒன்றின் செங்கல் இடிபாடு இன்றும் நிற்கிறது.

அக்கடற்கரையில் அந்நாளில் சீனமும் வியட்நாமியமும் சயாமியமும் ஒலித்தன. வியட்நாமியரின் துணையோடு பிஞ்ஞோ வியட்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றைப் புதுச்சேரியில்தான் தொகுத்தார். 1774-ல் சென்னை சாந்தோமில் அவர் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். ஆனால் போர்களும் வறுமையும் குருமடத்தை இங்கும் விடவில்லை. 1780-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

பினாங்கில் புதுவாழ்வு

ஏறத்தாழ 25 ஆண்டுகள் கதவு மூடியே கிடந்தது. பிரெஞ்சுப் புரட்சியால் பாரிஸிலிருந்த தாய்க்குருமடமே நிலைகுலைந்திருந்த காலம் அது. எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிய வேளையில், 1808-ல் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த பினாங்குத் தீவில் அது புத்துயிர் பெற்றது. புலாவ் திக்குஸ் பகுதியில் நிலைகொண்டு, 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஆசியத் திருச்சபையின் நாற்றங்காலாக விளங்கியது.

அங்குச் சென்ற மாணவனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பெரும்பாலும் சிறுவயதிலேயே வீட்டைப் பிரிந்தவன். கப்பல் பயணமே உயிருக்கு ஆபத்தானது. வேதகலாபனைக் காலத்தில் ஊருக்குக் கடிதம் போவதே அரிது. உடன் பயிலும் தோழனுக்கு அவன் மொழி தெரியாது. எனவே அனைவருக்கும் பொதுமொழி இலத்தீன். சீன மாணவனும் வியட்நாமிய மாணவனும் இலத்தீனில் பேசி நண்பர்களானார்கள்! தட்பவெப்பமும் ஒரு சோதனை. 1880-களில் கொரியாவிலிருந்து பல மாணவர்கள் அனுப்பப்பட்டனர். குளிர்நாட்டில் வளர்ந்த அவர்களில் பலர் பினாங்கின் வெப்பம் தாங்காமல் நோயுற்றனர். பின்னர் கொரியாவிலேயே குருமடம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பினாங்கில் பயின்றவர்களுள் மூவர் 1896-ல் கொரிய மண்ணிலேயே குருக்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டனர்.

மறைசாட்சிகளின் பள்ளி

இக்குருமடத்தில் படிப்பித்தவர்களும் படித்தவர்களும் பலிபீடத்தின் மேன்மையை அடைந்துள்ளனர். புனித லாரன்ஸ் இம்பேர் 1821-ல் இங்குச் சிலகாலம் கற்பித்தார். புனித யாக்கோபு சஸ்தானும் இங்கு ஆசிரியராக இருந்தவர். இருவரும் 1839-ல் கொரியாவில் தலைவெட்டுண்டு இறந்தனர். 1984-ல் சியோல் நகரில் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 103 கொரிய மறைசாட்சிகளுக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது இவர்களும் அவர்களுள் இருந்தனர்.

மாணவர்களுள் புனித பிலிப் மின் குறிப்பிடத்தக்கவர். வேதகலாபனையால் வியட்நாமை விட்டு வெளியேறிய ஆயர் தபேருடன் இளைஞராக நாடு கடந்தவர் அவர். வங்காளத்தின் செராம்பூரில் 1838-ல் அச்சான வியட்நாமிய-இலத்தீன் அகராதிப் பணியில் ஆயருக்குத் துணைநின்றார். அந்த அகராதிக்கு அடித்தளம், புதுச்சேரியில் பிஞ்ஞோ தொகுத்ததே. பின்னர் பினாங்கில் படிப்பை முடித்துத் தாயகம் திரும்பி, 1846-ல் குருவானார். 1853 ஜூலை 3 அன்று வின் லோங் நகரில் மறைசாட்சியாக மரித்தார்.

புனித பவுல் லொக், புனித பேதுரு குய் ஆகியோரும் பினாங்கில் பயின்றவர்களே. லொக் 1857-ல் குருவானார். 1859 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். குய் 1858-ல் குருவானார். 1859 ஜூலையில் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் அயல்நாட்டில் படிப்பு, அதன்பின் ஓரிரு ஆண்டுகளே பணி! மனிதக் கணக்கில் இது பெரும் நட்டம். ஆனால் கோதுமை மணி மண்ணில் மடிந்தால்தான் பலன் தரும் என்பது ஆண்டவரின் கணக்கு (யோவா 12:24). 1988-ல் புனிதர் பட்டம் பெற்ற 117 வியட்நாம் மறைசாட்சிகளுள் இம்மூவரும் அடங்குவர்.

பினாங்கில் இருந்தவரை அவர்களுக்கு ஆபத்து இல்லை. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆயினும் திரும்பினார்கள். பயிற்சி தமக்கல்ல, தம் மக்களுக்கு என்பதை அவர்கள் மறக்கவில்லை.

அனுப்பியவர்கள்: ஒரு தாயும் மகளும்

குருமாணவர் பயிற்சிக்குப் பணம் வேண்டும். 1889-ல் ஜப்பானின் நாகசாகி ஆயர் கூசேன், பிரான்சின் கான் நகரைச் சேர்ந்த ஸ்தெஃபனி பிகார்ட் என்ற தாய்க்கும் அவர் மகள் ஷானுக்கும் கடிதம் எழுதினார். அழைத்தல் இருந்தும் பணமில்லாததால் இளைஞர்களைத் திருப்பி அனுப்ப நேருகிறது என்பதே அவரது வேதனை. அந்த இரு பெண்களும் தங்கள் உடைமைகளைக் கொடுத்து எளிய வாழ்வை மேற்கொண்டனர். வீடு வீடாகக் கேட்டு உதவி திரட்டினர். அப்படி உருவானதே புனித பேதுரு திருத்தூதர் கழகம். 1922-ல் அது திருத்தந்தையின் மறைபரப்புக் கழகங்களுள் ஒன்றாக உயர்த்தப்பட்டது. இன்றும் மறைபரப்பு நாடுகளின் குருமடங்களுக்கு அது துணைநிற்கிறது. நம் நாட்டுக் குருமடங்களும் அந்த உதவியைப் பெற்றவையே. கடல் கடக்காமலேயே ஒருவர் மறைபரப்பாளராக முடியும் என்பதற்கு இத்தாயும் மகளும் சான்று.

இன்றைய நிலை

திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் 1919-ல் வெளியிட்ட 'மாக்சிமும் இல்லுத்' என்னும் திருமடல், உள்நாட்டுக் குருக்களுக்கு அரைகுறைப் பயிற்சி போதாது, முழுமையான பயிற்சி வேண்டும், அவர்கள் வெறும் உதவியாளர்கள் அல்லர் என்று வலியுறுத்தியது. 2-ஆம் வத்திக்கான் சங்கத்தின் மறைபரப்புப் பணி பற்றிய ஏடு (1965), பணிக்குச் செல்பவர் அம்மக்களின் மொழியையும் பண்பாட்டையும் கற்று மதிக்க வேண்டும் என்கிறது. 1659-ல் சொல்லப்பட்டதன் தொடர்ச்சியே இது.

காலப்போக்கில் ஆசிய நாடுகள் தங்களுக்கெனக் குருமடங்களை அமைத்துக்கொண்டன. பொதுக் குருமடமும் 1984-ல் பினாங்கின் தஞ்சோங் பூங்காவுக்கு இடம்பெயர்ந்து, இன்று மலேசியத் தீபகற்பத்தின் மறைமாவட்டங்களுக்குக் குருக்களை உருவாக்குகிறது. 2016-ல் மலேசியாவின் முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு 2020-ல் மறைந்த சோட்டர் பெர்னாண்டஸ் இங்குப் பயின்றவரே. பல நாட்டு மாணவர்கள் வருவது குறைந்தது தோல்வியல்ல. எதற்காக அது தொடங்கப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறியது என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்று நம் மறைமாவட்டங்களிலிருந்து குருக்களும் துறவியரும் மேற்படிப்புக்காகவும் பணிக்காகவும் வெளிநாடு செல்கின்றனர். "எங்க சாமி உரோமைக்குப் போயிருக்காரு" என்று பெருமையோடு சொல்கிறோம். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அது குடும்பத்துக்குக் கிடைத்த கௌரவம் மட்டும்தானா? அல்லது பங்கு முழுவதும் சேர்ந்து அனுப்பிய பணியா? அனுப்பப்படாமல் எவ்வாறு அறிவிப்பார்கள் என்று புனித பவுல் கேட்கிறார் (உரோ 10:15). அனுப்புகிறவர்கள் மறந்துவிட்டால், சென்றவர் தனியாகிவிடுகிறார். புதிய மொழியிலும் புதிய குளிரிலும் அவர் படும் தனிமையை நம் செபம் தொட வேண்டும்.

நமது சிந்தனைக்கு

1. நம் பங்கிலிருந்து பயிற்சிக்கோ பணிக்கோ வெளிநாடு சென்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? விசுவாசிகள் மன்றாட்டில் அவர்களை நினைக்கிறோமா?

2. மறைபரப்பு ஞாயிறு காணிக்கையைக் கடமைக்காகப் போடுகிறோமா, பிகார்ட் தாயும் மகளும் போல மனமுவந்து கொடுக்கிறோமா?

3. நம் வீட்டுப் பிள்ளை இறையழைத்தல் பற்றிப் பேசும்போது நமது முதல் பதில் என்ன?

செபிப்போம்

அறுவடையின் ஆண்டவரே, உமது குரல் கேட்டு நாடு கடந்து சென்ற குருமாணவர்களுக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். இன்று அயல்மண்ணில் பயிலும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு உடல்நலமும் மனஉறுதியும் தாரும். கற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் உம் மக்களுக்கு அளிக்கும் தாராள உள்ளத்தை அவர்களுக்கும், அவர்களை மறவாத அன்பை எங்களுக்கும் தந்தருளும். ஆமென்.