குளிர் கொன்ற கொடி

போன வாரம் குடிச்சுப் பார்த்தது 2016-ம் வருஷத்து அர்ஜென்டினா ரெட் ஒயின். மெண்டோசா மலையில் விளைந்த மால்பெக்கும் கேபர்னேயும் கலந்தது. எல் நினோ புண்ணியத்தில் அந்த வருஷம் அங்கே மழையும் குளிரும்தான். நாக்குல முதல்ல புளிப்பு. ஜாம் தித்திப்பு சுத்தமா இல்லை.

மால்பெக் பூர்வீகம் பிரான்சு. 1853-ல் மெண்டோசாவுக்குக் கொண்டு போனவர் மிஷேல் எமே பூஜே. 1956 பிப்ரவரி உறைபனியில் போர்தோவின் மால்பெக் கொடிகள் பெரும்பாலும் செத்துப்போச்சு. நிறைய பேர் திரும்ப நடவேயில்லை.

கொன்ற அதே குளிரை 1992-ல் தேடிப் போனார் நிக்கோலஸ் கத்தேனா. குவால்டஜாரியில், கிட்டத்தட்ட 5000 அடி உயரத்தில் தோட்டம். அங்க பழுக்கவே பழுக்காதுன்னாங்க. பழுத்துச்சு, மெதுவா! பகல் வெயில் தோலைத் தடிப்பாக்குது, ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாத்துது.

2016-ல் மெண்டோசா விளைச்சல் படுத்துடுச்சு, விவசாயிக்கு அடிதான். ஆனா வெயில் வருஷத்து ஒயினைவிட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.