வைக்கோல் கேட்ட புனிதர்

நம் பங்கின் கிறிஸ்து பிறப்புக் குடிலைப் பற்றி எழுதுமாறு ஜுபிலி மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டனர். எழுத அமர்ந்தால், குடிலின் வரலாறு செலவில்லாத திருவிழாவின் வரலாறாகவே அமைந்துவிடுகிறது.

1223-ஆம் ஆண்டு, பெருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கையில், புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் கிரேச்சியோ என்னும் மலையூரைச் சேர்ந்த யோவான் என்ற நண்பரை அழைத்தார். அவர் கேட்டவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை. பெத்லகேமில் பாலகன் பட்ட வறுமையைத் தம் ஊனக் கண்களால் காண வேண்டும் என்பதே அவர் ஆசை. மக்கள் தங்களால் இயன்ற மெழுகுதிரிகளையும் தீவட்டிகளையும் ஏந்தி வந்தனர். தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேறியது. குருப்பட்டம் பெறாத பிரான்சிஸ் தியாக்கோனாக நின்று நற்செய்தியைப் பாடினார். 'பெத்லகேம்' என்ற சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் உச்சரித்தார் என்று செலானோ ஊர்த் தோமாஸ் எழுதிவைத்துள்ளார். மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளை அடக்க முடிவதில்லை! அன்று ஏழைகள் வயிறார உண்ண வேண்டும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் கூடுதல் தீனி வேண்டும், பறவைகளுக்காகச் சாலைகளில் தானியம் தூவ வேண்டும் என்பதும் அப்புனிதரின் விருப்பம்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் கேழ்வரகைச் சிரட்டையில் விதைத்துக் குடிலுக்குப் பயிர் வளர்ப்போம். பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கரி பூசினால் மலை. மூங்கில் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே மெழுகுதிரி வைத்தால் நட்சத்திரம். ஆண்டுக்கு ஒன்றாவது தீப்பிடிக்கும்.

இப்பங்கில் நமது முதல் ஆண்டில், மின்விளக்குத் தோரணங்களுக்குத் தாராளமாகச் செலவிட நாமே அனுமதித்தோம். நள்ளிரவில் பாலன் சுரூபத்தை ஏந்திக் குடிலுக்குச் செல்கையில், கெபிக்குப் பின்னால் ஒரு சிறுவன் ஒதுங்கி நிற்பதைக் கண்டோம். உள்ளே வரச் சொன்னதற்கு, "புதுச்சட்டை இல்ல சாமி" என்றான். பொற்சரிகைப் பூசை உடையில் நின்ற நமக்குப் பதில் வரவில்லை.

மறு ஆண்டு தோரணம் கோபுரத்துக்கு மட்டும் போதும் என்றோம். பங்கின் மானம் போகும் என்றனர் சிலர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: ஆண்டுக்கு ஒருமுறையாவது தன் கோயில் ஜொலிப்பதைக் காண ஏழைக்கும் ஆசை உண்டு. குடிலைப் பிள்ளைகளிடமே விட்டோம். ஆளுக்கொரு கைப்பிடி வைக்கோல் கொண்டுவந்தனர். மிஞ்சிய பணத்தில் சட்டைத்துணி வாங்கி, யாரும் அறியாமல் வீடுவீடாகக் கொடுத்தோம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரே கட்டாக வாங்கியது நமது மடமை. நள்ளிரவுத் திருப்பலிக்கு அத்தனை பேரும் ஒரே நீலக்கோட்டுச் சட்டையில் வந்து நின்றனர். இரகசியம் கோயில் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அடுத்த ஆண்டு முதல் பணத்தை ஒரு மாதம் முன்னதாகவே தாய்மாரிடம் கொடுத்துவிடுகிறோம். துணியை அவர்களே பார்த்து எடுக்கிறார்கள்.

கிரேச்சியோவின் வைக்கோலைத் தின்ற நோயுற்ற கால்நடைகள் குணமடைந்தன என்று தோமாஸ் கூறுகிறார். நம் குடிலின் வைக்கோல் மூன்றிராசாக்கள் திருநாள் கழிந்ததும் கோயில்பிள்ளையின் பசுவுக்குப் போகிறது. கேழ்வரகுப் பயிரை அது அதற்கு முன்பே மேய்ந்துவிடுகிறது.